நடு ஆற்றில் கேட்ட சொல்

ராஜபாளையத்தில் என் மகள் படித்த பள்ளிக்கூடம் மாதா கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். சிஸ்டர்கள் நடத்தினார்கள். கூடுதலாக ஆள் வைக்க அவர்களுக்கு வசதியில்லாததால் 'அம்மா முறை' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. முறை வருகிற அம்மாக்கள் காலையில் கேட்டில் நிற்க வேண்டும், மதியம் சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட வேண்டும், சாயங்காலம் எல்லோரையும் வேனில் ஏற்றிவிட வேண்டும். இந்து, கிறிஸ்தவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. மில் முதலாளி வீட்டம்மாவும் வருவார், மில்லில் ஷிப்டு பார்ப்பவரின் மனைவியான நானும் போவேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கேட்டில் நின்றால் லாரி வந்து ஏறிவிடும் என்று பயம். சோறு ஊட்டினால் புரையேறிவிடும் என்று பயம். பயப்படுகிற ஆள் ஒருத்தி கூட இருந்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று பெரிய சிஸ்டர் சொல்வார். அது பாராட்டா கேலியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என்னோடு சேர்ந்து முறை பார்த்தவர் தெலுங்கு பேசும் வீட்டு அக்கா ஒருவர். அவருடைய தமிழில் ஒரு குறையும் சொல்ல முடியாது, என்னைவிட நன்றாகவே கதை சொல்வார். தெலுங்கெல்லாம் அவருக்கு வீட்டுக்குள்ளேயும் கோபத்திலும்தான். என் பயத்தை அதிகம் கிண்டல் செய்தவரும் அவர்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு குழந்தைகள் தினத்துக்குப் பிள்ளைகளை அய்யனார் கோவில் ஆற்றுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானது. நவம்பர் மாதம், மழைக்காலம். வேண்டாம் என்று நான் சிஸ்டரிடம் சொல்லிப் பார்த்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதே என்றார். இங்கே துடைத்துத்தான் இருக்கும். மலைக்குள் எங்கோ பெய்தால் போதும், இங்கே வெயிலடிக்கும்போதே ஆறு வந்துவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் போவார்கள். நானும் போனேன்.

தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடியது. பிள்ளைகள் கூழாங்கல் பொறுக்கினார்கள். நான் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் கருப்பாக ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. "ஏட்டி, அண்ணாந்து பாத்தே ஒனக்குக் கழுத்து சுளுக்கிரப் போவுது. போயி சோத்தப் பிரி" என்றார் அக்கா. சரி என்று மரத்தடிக்கு வந்து எலுமிச்சஞ்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது. "ஏரு! ஏரு!"

திரும்பினேன். அக்கா சற்று மேலே ஒரு கல்லில் நின்று இரண்டு கையையும் வீசிக் கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் டீ நிறத்தில், சருகும் சுள்ளியுமாக வந்தது. கரையோரம் நின்ற பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். நடு ஆற்றில் மூன்று பேர் மட்டும் வராமல் அங்கிருந்த பெரிய பாறையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஒண்ணாங்கிளாஸ் பொடிசுகள். மூன்றாவது என் மகள்.

நான் தண்ணீரை நோக்கி ஓடினேன். அக்கா குதித்திறங்கி வந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கையைக் கடித்தேன். விடவில்லை. அதற்குள் பாறைக்கும் கரைக்கும் நடுவில் ஆறு முழுசாக வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

என் மகள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் அவள் என்ன நினைக்கிறாள் என்றாவது தெரிந்திருக்கும். பொடிசுகள் இரண்டையும் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவர்கள் காலுக்கு இரண்டு சாண் கீழே இருந்தது. பிறகு ஒரு சாண். சிஸ்டர் ஜெபம் சொல்ல ஆரம்பித்து நடுவில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் மாதாவையும் கூப்பிட்டேன், அய்யனாரையும் கூப்பிட்டேன். யார் முதலில் வந்தாலும் சரி என்றிருந்தது.

கோவில் பூசாரி கயிற்றோடு ஓடி வந்தார். தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இப்ப எறங்க ஏலாதும்மா. மேல மழ விட்டிருந்தா செத்த நேரத்துல வடிஞ்சிரும்" என்றார். விடாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. பாறையை விட்டுக் கண்ணை எடுத்தால் பிள்ளை போய்விடும் என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஈரமாக ஒரு கோடு பாறையில் தெரிந்தது. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. பூசாரி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார். என் மகளைக் கையில் வாங்கியதும் முதுகில் ஓர் அடி வைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது.

அக்கா அவள் முன்னால் உட்கார்ந்து கேட்டார். "கரைக்கு ஓடி வராம பாறையில ஏம்மா ஏறுன?"

"நீங்கதான ஆன்ட்டி ஏறு ஏறுன்னு சொன்னீங்க."

அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. தெலுங்கில் ஏரு என்றால் ஆறு. ஆறு வருகிறது என்றுதான் அவர் கத்தியிருக்கிறார். பயத்தில் வாய்க்கு வீட்டு வார்த்தைதான் வந்திருக்கிறது. கரையோரம் நின்ற பிள்ளைகள் வார்த்தையைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்து ஓடிவிட்டார்கள். நடுவில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்த தமிழ் வீட்டுப் பிள்ளைகள் சொன்னதைச் செய்திருக்கிறார்கள்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பூசாரி, நடு ஆற்றிலிருந்து ஓடி வந்திருந்தால் பாதியிலேயே இழுத்துக்கொண்டு போயிருக்கும், ஏறியதால்தான் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றார். அதை நான் அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

உண்மையில் என்னைத்தான் அந்தப் பேச்சு அதிகம் பயமுறுத்தியது. மலையைப் பார்த்துப் பார்த்து நான் காத்த காவல் ஒன்றுக்கும் ஆகவில்லை. தப்பாகக் காதில் விழுந்த ஒரு சொல் காப்பாற்றியிருக்கிறது. இப்படிப் பிழைத்த பிள்ளையை இனி எதை நம்பி வெளியே அனுப்புவது?

வேன் வந்து நின்றது. எதுவும் தெரியாத டிரைவர் கதவைத் திறந்து, "ஏறுங்க பிள்ளைகளா, ஏறுங்க" என்றார். என் மகளும் அந்தப் பொடிசுகளும் அசையவில்லை. மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி ஆற்றைப் பார்த்தார்கள்.

அக்கா முன்னால் வந்தார். என் பல் பதிந்த கையால் என் மகளைத் தூக்கி வேனுக்குள் வைத்தார். பிறகு மற்ற இரண்டையும் வைத்தார். அதற்கப்புறம் எங்கள் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவரை, முறை வரும் சாயங்காலங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் அவர் அப்படித்தான் வேனில் தூக்கி வைத்தார், வாயை இறுக மூடிக்கொண்டு.