முடிவு ஜெபம்

நான் ஜெபம் பண்ணிப் பண்ணியே சோற்றைக் குழைய வைத்தவன். மிகையாகச் சொல்லவில்லை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோனது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நான் ஏதேன் தோட்டத்தில் புறப்பட்டு, நோவாவின் பேழையில் ஏறி, செங்கடலைக் கடந்து அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது சோறு கூழாகியிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் நோவோ விசேஷமோ வந்தால் தெருவே கூடும். புத்தகம் பாராமல் ஆளுக்கொரு ஜெபம் பண்ணுவோம். கடைசியில் பண்ணுவது முடிவு ஜெபம். அது சபையின் போதகர் ஐயருக்கு உரியது. ஐயர் வேறு ஊருக்குப் போயிருந்தால் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு. அவர் வெளியூர் போகவேண்டும் என்று நான் ஒருநாளும் ஜெபித்ததில்லை. ஆனால் அவர் மாட்டுவண்டி கிளம்புகிற சத்தம் கேட்டால் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. தாமிரபரணியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒத்திகை பார்ப்பேன். கெண்டை மீன்கள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போய்விடும். சபையாருக்கு அந்த வசதி இல்லை.

விசுவாசத்தில் முதிர்ந்தவன் என்று என்னை நானே எண்ணியிருந்த காலம் அது.

டெல்லியில் மன்னர் தர்பார் நடந்த வருஷம், கார்த்திகையில் ஆறு பெருகி வடிந்தது. வடிந்த கையோடு ஊருக்குள் வாந்திபேதி வந்தது. எங்களுக்கு ஒரே மகள், எஸ்தர். ஏழு வயது. காலையில் சடை பின்னிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தவளை நானே தூக்கிக்கொண்டு திரும்பினேன். உச்சிப்பொழுதுக்குள் கண் குழிந்துவிட்டது. பயப்படாமல் வந்த சிலர் பாயைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். ஐயர் ஊரில் இல்லை. முடிவு ஜெபம் என்னுடையது.

என் ஆயுளில் அவ்வளவு உருக்கமாக நான் ஜெபித்தது கிடையாது. மலைமேல் ஆபிரகாம் தன் மகன்மேல் கத்தியை ஓங்குகிற இடத்துக்கு வந்திருந்தேன்.

“அப்பா, தண்ணி” என்றாள் எஸ்தர்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினேன், பொறு என்று. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே கை. என் மனைவி அன்னம்மாள் எழுந்திருக்கப் போனாள். அவளுக்கும் அதே கைதான்.

எஸ்தர் சொன்னபடி கேட்கிற பிள்ளை. பொறுத்துக்கொண்டாள். நான் ஆமென் சொல்லி, தண்ணீர் வந்தபோது அவளுக்கு விழுங்கத் தெம்பில்லை. விளக்கு வைப்பதற்கு முன்னே போய்விட்டாள்.

அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். பிழைப்பதற்காக அவள் கேட்கவில்லை. தாகம் எடுத்தது, கேட்டாள்.

அதன்பின் எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கை தெரியும். கோவிலில் வாயை அசைத்துக்கொண்டிருப்பேன். அன்னம்மாள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வாதாடுவதற்கு எனக்குக் கற்றுத்தர வேண்டாம். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே ஒரு வரியில் ஏதோ ஜெபிப்பாள். கண்ணைத் துடைத்துக்கொள்வாள். புகை என்பாள்.

தை பிறந்தும் நோய் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு காலையில் அடுத்த வீட்டு ஞானப்பூ எங்கள் முற்றத்துக்கு ஓடிவந்தாள். அவள் மகள் ரூத்தும் எங்கள் எஸ்தரும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் புருஷன் யோசேப்பு அண்ணாச்சி வண்டியில் நெல் ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம் போயிருந்தார்.

“வாத்தியாரையா, ரூத்துக்கும் வந்துட்டு. அவுகளும் ஊர்ல இல்ல. வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க.”

“எனக்கு ஜெபம் வராதும்மா. ஐயருக்கு ஆள் விடு.”

“ஐயரும் ஊர்ல இல்லியே. அவுக வாரதுக்குள்ள எம்புள்ள...”

ஐயர் ஊரில் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றுதான் முதல்முறையாக ஆசைப்பட்டேன். அதற்கடியில் இன்னொரு நினைப்பும் கிடந்தது. எழுதக் கை கூசுகிறது. என் பிள்ளைக்கு இல்லாத உயிர் இவளுக்கு மட்டும் எதற்கு? அப்படித்தான் நினைத்தேன்.

அன்னம்மாள் காய்ச்சின தண்ணீரைப் பானையோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“ஜெபம் வரலைன்னா கிடக்கட்டும். பானை தூக்கத் தெரியும்லா? தூக்குங்க.”

தூக்கினேன்.

ஞானப்பூ வீட்டில் பெண்கள் இருவரும் துணியை மாற்றுவதும் தரையைக் கழுவுவதுமாக இருந்தார்கள். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைச் சங்கில் ஊற்றிப் புகட்டுகிற வேலை எனக்கு. புகட்டுவேன். என் வேட்டியிலேயே வாந்தி எடுப்பாள். துடைத்துவிட்டு மறுபடியும் புகட்டுவேன்.

“ஐயா, ஜெபம்” என்றாள் ஞானப்பூ, கையில் துடைப்பத்தோடு.

வாயைத் திறந்தேன். ஏதேன் வரவில்லை. நோவா வரவில்லை. ‘ஆண்டவரே’ என்பது மட்டும் வெளியே வந்தது. மற்றதை வெட்கத்தால் மனதுக்குள் சொன்னேன்: ‘இந்தப் பிள்ளை பிழைக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. அந்த ஆசையைத் தாரும்.’

காதில் விழுந்த அந்த ஒற்றை வார்த்தைக்கே ஞானப்பூ ஆமென் சொல்லிவிட்டுப் போய்த் தரையைக் கழுவினாள்.

வானம் திறக்கவில்லை. ஒரு சத்தமும் உண்டாகவில்லை. ரூத் மறுபடி வாந்தி எடுத்தாள். நான் மறுபடி புகட்டினேன். வெயில் சாய்கிற நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“மாமா, தண்ணி.”

சங்கு காலி. பானை அடுக்களையில். எழுந்து ஓடினேன். நிலைப்படியில் இடித்துக் கால் நகம் பெயர்ந்தது. ஓடும்போதுதான் கவனித்தேன், என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது: “இவளை விட்டுரும் ஆண்டவரே, இவளையாவது விட்டுரும்.” ஆற்றில் நின்று ஒத்திகை பார்த்த வாசகம் அல்ல. சொன்னவனும் நானாகத் தோன்றவில்லை. இவள் பிழைப்பாளா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் நான் கேட்டது கிடைத்துவிட்டது. பானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எஸ்தர் போன பிறகு அன்றுதான் அழுதேன்.

அந்தத் தண்ணீர் ரூத்தின் வயிற்றில் தங்கியது. அடுத்ததும் தங்கியது. யோசேப்பு அண்ணாச்சி திரும்பிவந்தபோது மகள் கஞ்சி கேட்டு அழுதுகொண்டிருந்தாள். இப்போதும் என் வகுப்பில்தான் படிக்கிறாள். கணக்கு வராது. பலகையில் தன் பக்கத்து இடத்தை இன்னும் யாருக்கும் விடுவதில்லை. நானும் விடச் சொல்வதில்லை.

என் சின்ன ஜெபம் கேட்கப்பட்டது, நீண்ட ஜெபம் தள்ளப்பட்டது என்று நான் சாட்சி சொல்லமாட்டேன். அப்படியானால் என் சொல்லலங்காரத்தால் என் மகள் செத்தாள் என்றாகும். நான் அறிந்த கர்த்தர் அவ்வளவு சிறியவர் அல்ல. ஒருத்தி ஏன் போனாள், ஒருத்தி ஏன் இருக்கிறாள் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. அந்தக் கை இன்றும் கனவில் வருகிறது. ஆனாலும் பிறர் பிள்ளைக்காக ஓடுகிற கால்களை அவர் எனக்குத் தந்தார். முதிர்ச்சி என்று நான் பெருமையடித்தது வேறு. அவர் காட்டியது இது. இதில் நான் இன்னும் பால் குடிக்கிற பருவம்தான்.

ஜெபம் வராமல் உட்கார்ந்திருக்கும் சகோதரனே, சகோதரியே, உங்களிடம் இல்லாததையே முதலில் கேளுங்கள். இல்லை என்று சொல்லிக் கேளுங்கள். தருவார். நடுவில் யாராவது தண்ணீர் கேட்டால் எழுந்து போங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

சபையார் எல்லாரும் கூடி உண்கிற அசனத்தன்று, பந்திக்கு முன்னால் நின்று இதையெல்லாம் சொன்னேன். அன்னம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யோசேப்பு அண்ணாச்சி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பைய என் காதுப்பக்கம் குனிந்தார்.

“சாட்சி நல்லாத்தான் இருந்துச்சு வே. ஜெபத்தைச் சுருக்குன மாதிரி இதையும் சுருக்கியிருக்கலாம்லா? அங்கன சோறு குழைஞ்சு போச்சு.”