பத்தியம் இருந்தவரும் பந்தி வைத்த நாமும்

நானும் அம்மாவும் களத்தில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நம் சங்கத்துப் பியூன் முனுசாமி அண்ணன், கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டிறங்கி எங்கள் ஊர் வரைக்கும் நடந்தே வந்திருந்தார். "தணிகாசலம் சார் போயிட்டாரும்மா. விடியக்காலம் மார் வலிக்குதுன்னாராம். வண்டி கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்றார். அம்மாவுக்கு ஆள் யாரென்று தெரியாது. "ரொம்ப குண்டா இருப்பாரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஒல்லிதான்." "ஒல்லியா இருக்கறவங்களுக்குக் கூடவா ஹார்ட்டு வரும்?" முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். படித்தவள் நான்தானே. எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

தணிகாசலம் சாரோடு வேலை செய்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விவசாயிகளின் நெல்லையும் கடலையையும் வாங்கி விற்கும் நம் சங்கத்தில் அவர் தலைமை எழுத்தர். பக்கத்து மேசை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அலுவலகத்தில் யார் எது கேட்டாலும் முதலில் எனக்கு வியர்க்கும், பிறகுதான் பேச்சு வரும். "மெதுவா சொல்லும்மா, கடலை மூட்டை எங்கயும் ஓடிப்போயிடாது" என்பார்.

அவருக்கு முதன்முதலாக வலி வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வாசலில் மூட்டைகள் குவிந்து கிடந்தன. அவர் தாடையையும் இடது தோளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "வாய்வுதான் சார், ஒரு கோலி சோடா அடிங்க" என்றார் காசாளர் பரமசிவம். சோடா வந்தது. ஏப்பம் விட்டார். "பாத்தீங்களா, போயிடுச்சி!" என்று எல்லோரும் சிரித்தோம். நெஞ்சுக்கு நடுவில் வலித்தால்தான் நெஞ்சுவலி என்று நாம் நம்பியிருந்தோம். தாடையில் வலித்தால் பல் என்றும், தோளில் வலித்தால் சுளுக்கு என்றும் வைத்திருந்தோம்.

மறுபடியும் மாடிப்படியில் அதே வலி வந்தபோது, அவர் மனைவி வற்புறுத்தி வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்தவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நம்மிடம் விவரமாகச் சொன்னார். "பிரஷர் ரொம்ப நாளாவே ஜாஸ்தியா இருந்திருக்குதாம். ஒரு தலைசுத்தல் கூட இல்ல, எப்படித் தெரியும்? இது ஒண்ணால மட்டும் வர்றதில்லயாம். எங்கப்பாவுக்கு இருந்தது, நான் குடிச்ச சிகரெட்டு, உப்பு, எண்ணெ, உக்காந்த எடத்துலயே வேலை, எல்லாம் சேர்ந்து ரத்தக்குழாயை அடைச்சிக்கினே வருதாம். அப்பாவை மாத்த முடியாது, மிச்சத்தை மாத்திக்கோன்னாரு டாக்டர்." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "எங்கப்பா போன வயசை நான் தாண்டிடணும்ங்க. அதுக்கு மேல கெடைக்கறது எல்லாம் லாபம்."

மாற்றிக்கொள்ளத்தான் பார்த்தார். சிகரெட்டை விட்டார். மாத்திரையைத் தவறாமல் போட்டார். தினமும் காலையில் செங்கம் சாலையில் மலையோரமாக நடந்தார். அதற்கும் நாம் விடவில்லை. "என்னா சார், சாமியாராப் போயிடலாம்னு பாக்கறீங்களா?" என்று பரமசிவம் கேட்டார். "என்னை அனுப்பினது அண்ணாமலையார் இல்லய்யா, டாக்டர்" என்றார் அவர். டீக்கடையில் அவர் முகத்துக்கு நேராகவே சிகரெட் பற்றவைத்தார்கள். சும்மா விளையாட்டுக்குத்தான்.

நம் செக்‌ஷனின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பளம் உயர்ந்தால், குழந்தை பிறந்தால், வீட்டுக்குக் கூரை போட்டால், அன்று தேரடித் தெரு ஓட்டலிலிருந்து போண்டாவும் கேசரியும் வரும். வேண்டாம் என்பது கொடுப்பவரை அவமதிப்பது. ஒருமுறை அவர் தன் பங்கைக் காகிதத்தில் மடித்து முனுசாமி அண்ணனிடம் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு விசேஷம்னா மட்டும் உங்களுக்குக் கசக்குதா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அன்றிலிருந்து, கொடுத்ததை எதிரிலேயே சாப்பிட்டார். "இனிமே பழமா வாங்கிக்கலாமே" என்று அவர் சொல்லிப் பார்த்ததும் உண்டு. "பழத்தட்டு வெக்கறதுக்கு என்னா, பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?" என்றார்கள். நானும் சிரித்தேன். அப்போது அவர் என்னிடம் தனியாகச் சொன்னது: "வியாதிய நான் தனியா வெச்சிக்கலாம்மா. பத்தியம் தனியா இருக்க முடியாது போலருக்கு."

நான் இலாகா பரீட்சையில் தேறினேன். ஓட்டல் பலகாரம் வேண்டாம் என்று, அம்மா எங்கள் செக்கு எண்ணெயில் வடை சுட்டுக் கொடுத்தாள். அப்பாவே தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில், "டவுன்காரங்க நம்ம வீட்டுப் பலகாரம் சாப்பிடுவாங்களா, பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வெள்ளை வேட்டியில் மேசை மேசையாகப் போய்க் கொடுத்தார். தணிகாசலம் சாரின் மேசைக்கு வந்தபோது சார் என்னைப் பார்த்தார். அவருக்கு இது ஆகாது என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். எங்கள் வீட்டுப் பண்டத்தை ஒருவர் மறுத்ததாக அப்பா நினைத்துவிடுவாரோ என்று பயந்து, மேசை இழுப்பறையில் எதையோ தேடினேன். சார் இரண்டு வடை எடுத்துக்கொண்டார். "நம்ம கடலையில ஆட்டின எண்ணெங்களா? வாசனையே சொல்லுதுங்களே" என்றார். அப்பா பூரித்துப்போய் மூன்றாவதையும் வைத்தார். அதையும் சாப்பிட்டார்.

அந்த வடைகள் அவரைக் கொன்றுவிடவில்லை. பல வருடங்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. அவரே நமக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பல வருடங்களில் கடைசி வருடங்கள் நம்மோடுதான் கழிந்தன. அவர் அப்பா போன வயதைத் தொட இன்னும் சில மாதங்களே இருந்தன என்று சாவு வீட்டில் அவர் மனைவி சொன்னார். நாம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, "எவ்ளோ நல்ல மனுஷன், எதையும் வேணாம்னு சொல்ல மாட்டாரு" என்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அங்கே உட்காரக் கூசியது.

பதினாறாம் நாளுக்கு அப்பாவும் வருகிறேன் என்றார். "நம்ம வடையை அவ்ளோ ரசிச்சுச் சாப்பிட்டாரே, அந்த சாருக்கா வராம இருக்கறது?" அப்போதுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்: "ஆவாதுன்னு தெரிஞ்சா நானே அவரு கையைப் புடிச்சித் தடுத்திருக்க மாட்டனா? அதுக்குப் போயி நான் கோச்சிக்குவேன்னா நெனச்ச? என்னை அவ்ளோ அல்பமா நெனச்சிட்டியே, பாப்பா."

என் அப்பா முகம் வாடித் திரும்பக் கூடாது என்று நினைத்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அந்தப் பெருந்தன்மையை, சாவு வீட்டுப் பெஞ்சில் நாம் புகழ்ந்ததுபோல வாய்நிறையப் புகழ என்னால் முடியவில்லை. ஒரு வாக்கியம் சொல்லாமல் இழுப்பறையைத் துழாவி, அதை அவரிடமிருந்து நான் வாங்கியிருக்கவே கூடாது. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்த வெட்கம்தான். அது ஆறிப்போக வேண்டும் என்று நான் விரும்பவில்லை.