குறைந்துபோன ஒன்றேகால் கிலோ

ஒரு பெண்ணின் மேல் நான் திருட்டுப் பழி போட்டேன். அவள் திருடவில்லை. அது தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவுதான் விஷயம். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வரிசைப்படி சொல்கிறேன். வரிசைப்படி சொல்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. முப்பத்து மூன்று வருடம் நெல் கொள்முதலில் தரம் பார்த்தவன் நான். ஈரப்பதம், கருக்காய், பதர், எடை… மூட்டைக்குள் கையை விடும்போதே, இந்த மனிதர் எதை மறைக்கிறார் என்று தேடுகிற புத்தி. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். புத்தியை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் பன்றிக்கறி. சிரிக்காதீர்கள்!

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். போன முறை வந்தபோது ஸ்லோ குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். முட்டை வடிவில் ஒரு பீங்கான் சட்டி, அதைச் சுற்றிச் சூடாகும் உறை, மேலே கண்ணாடி மூடி. அந்த ஊர் மின்சாரத்துக்குச் செய்தது. இங்கே நேராகச் சொருகினால் கருகிவிடும் என்று செங்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வேறு. பேத்திக்கு புல்டு போர்க், அதாவது பிய்த்த பன்றிக்கறி, என்றால் உயிராம். பொங்கலுக்கு வரும்போது தாத்தா வீட்டிலும் அது கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றான். என் மனைவி இருந்திருந்தால் பன்றிக்கறி எங்கள் வாசற்படியைத் தாண்டியிருக்காது. அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. தடுக்க ஆளில்லை.

செய்முறையை மகன் போனில் சொல்லச் சொல்ல எழுதி, எண் போட்டு, தட்டச்சு செய்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எலும்பில்லாத தோள்பட்டைக் கறி, கொழுப்போடு. உப்பு, மிளகு, பூண்டுத் தூள், மிளகாய்த்தூள், நாட்டுச்சர்க்கரை கலந்து நன்றாகத் தேய்க்க வேண்டும். சட்டியின் அடியில் வெங்காயம், அதன் மேல் கறி. தண்ணீர் ஊற்றக் கூடாது. குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். இடையில் மூடியைத் திறக்கக் கூடாது. வெந்ததும் இரண்டு முள்கரண்டியால் நார்நாராகப் பிய்த்து, தக்காளி சாஸும் வினிகரும் கடுகும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பார்பிக்யூ சாஸில் புரட்டி, பன்னுக்குள் வைத்துத் தர வேண்டும்.

இதைப் படித்துக் காட்டியபோது ஞானம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “எட்டு மணி நேரமா? அதுக்குள்ள பன்னி எந்திரிச்சு ஒரத்தநாட்டுப் பண்ணைக்கே திரும்பி நடந்து போயிடும் சார்.”

ஞானம் எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகச் சமைக்கிறாள். ஐம்பதைத் தொடுகிற வயது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. பக்கத்துக் கிராமத்தில் அண்ணன் வீட்டின் பின்கட்டில் இருந்தாள். அவர்கள் வீட்டில் பன்றிக்கறி திருவிழாச் சாப்பாடு. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவாள். அவளுக்குத்தான் நான் பன்றிக்கறி சமைக்கும் விதிமுறைகளை ஒட்டிவைத்தேன்.

மகன் வருவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிட நினைத்தேன். ஒரத்தநாட்டுப் பக்கம் கால்நடை மருத்துவம் படித்த ஒருவர் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். எங்கள் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், ஐஸ் பெட்டியில் வாங்கி வந்தேன். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். சரியாக மூன்று கிலோ.

காலை ஆறு மணிக்கு குக்கரைப் போட்டோம். பதினோரு மணிக்கு ஓய்வூதியர் சங்கக் கூட்டம் இருந்தது, போய்விட்டு ஒன்றரைக்குத் திரும்பினேன். சமையல் மேடையில் குக்கருக்குப் பக்கத்தில் நீர்த்துளிகள். மூடியைத் திறந்தாயா என்று கேட்டேன். இல்லையே என்றாள். நடுவில் ஒரு முறை பேக்கரிக்குப் போய் பன் வாங்கி வந்ததாக அவளே சொன்னாள். பையோடு போயிருக்கிறாள். பையோடு…

இரண்டு மணிக்குக் கறியை எடுத்துப் பிய்த்தோம். தராசில் வைத்தேன். ஒன்றே முக்கால் கிலோ.

சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு லிட்டருக்கு மேல் நீர் நின்றது. தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நான்காவது விதியில் தெளிவாக எழுதியிருக்கிறேனே! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கறியை எடுத்திருக்கிறாள், சட்டி குறைந்து தெரியக் கூடாது என்று தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். மூட்டையில் நெல்லை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டுகிறவர்களை நான் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்!

அவளிடம் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்வாள். சந்தேகப்பட்டவனுக்கு விளக்கத்தைப் போலத் தொந்தரவு வேறில்லை. “நல்லா வந்திருக்கு” என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு வாய் போட்டுப் பார்த்து, இனிப்பாக இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பழகிய கை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. எண்ணெய் டப்பாவில் பேனாவால் கோடு போட்டேன். தேங்காயை எண்ணினேன். அவள் பை கதவோரம் தொங்கும்போது அது எவ்வளவு புடைத்திருக்கிறது என்று பார்த்தேன். எதுவும் குறையவில்லை. குறையவில்லை என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. உஷாராகிவிட்டாளோ?

இந்த நேரத்தில்தான் வல்லத்துப் பக்கம் பெண்கள் விடுதி நடத்துகிற ஒருவர் எனக்கு போன் செய்தார். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் தம்பி. அவர் விடுதிக்குத் தலைமைச் சமையல்காரர் தேவை. ஞானம் போய்க் கேட்டிருந்தாள். அதை என்னிடம் அவளே முன்பு சொல்லியிருந்தாள். சம்பளத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்க இடம் தருவார்களாம். அதைத்தான் நாலைந்து தடவை சொன்னாள். “தனி ரூம் சார். பூட்டு சாவியோட.” அண்ணன் வீட்டுப் பின்கட்டுக்குக் கதவு கிடையாது, சாக்குப் படுதாதான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விடுதிக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். “உங்க வீட்டுல பதினோரு வருஷமா இருக்கேன்னாங்க. ஆளு எப்படி சார்?”

“சமையல்ல குறை சொல்ல முடியாது.”

“கை சுத்தமா சார்?”

ஆம் என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஸ்டோர் சாவியை மட்டும் நீங்களே வச்சுக்குங்க. கறியோ எண்ணெயோ, எடை போட்டுக் குடுத்து எடை போட்டு வாங்குங்க.”

“புரியுது சார். நல்லவேளை உங்களைக் கேட்டேன். பொங்கல் கழிச்சு முடிவு பண்ணலாம்னு இருந்தேன், வேற ஆள் பார்த்துக்குறேன்.”

போனை வைத்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிய திருப்தி…

பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். ஞானத்துக்கு இரண்டு நாள் விடுமுறை. எனவே நானே செய்தேன். அதே பண்ணை, அதே மூன்று கிலோ. தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் குக்கருக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணி நேரத்தில் கண்ணாடி மூடி வியர்த்தது. ஓரத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து, மேடையில் சொட்டியது. மூடியை யாரும் தொடவில்லை. நான்கு மணி நேரத்தில் வெங்காயம் மூழ்கியது. எட்டாவது மணி முடிந்து திறந்தபோது சட்டியில் ஒரு லிட்டருக்கு மேல் சாறு.

யாரும் பார்க்காத நேரத்தில் தராசில் வைத்தேன்.

ஒரு கிலோ எழுநூறு! ஞானம் செய்ததைவிட ஐம்பது கிராம் குறைவு.

மகனிடம் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். கறி சுருங்கத்தானே செய்யும், உள்ளே இருக்கிற நீரும் கொழுப்பும் எங்கே போகும் என்று சிரித்தான். பேத்தி இரண்டு பன் சாப்பிட்டாள். தாத்தா சூப்பர் என்றாள்.

நெல் கிடங்கில் இருந்தால் காய்ந்து எடை குறையும். அதற்கு விதி இருக்கிறது, தள்ளுபடி இருக்கிறது. என் பொறுப்பில் இருந்த கிடங்குகளில் எடை குறைந்தபோதெல்லாம் ‘இயற்கையான உலர்வால் ஏற்பட்ட குறைவு’ என்று எத்தனை முறை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! மேலிடம் ஒரு தடவைகூட என்னைச் சந்தேகப்பட்டதில்லை. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தள்ளுபடியை அவளுக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏன்? நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவள் இடத்தில் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நின்று கறியைப் பிய்த்திருந்தால் நான் தராசை எடுத்திருப்பேனா? மாட்டேன்.

அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. விடுதிக்காரர் இன்னும் வேறு ஆள் வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஏனென்றால் விசாரித்தேன்! போனைக் கையில் எடுத்து எண்ணைக்கூட அழுத்தினேன். என்ன சொல்வது? முப்பத்து மூன்று வருடம் எடையும் ஈரமும் பார்த்தவனுக்குக் கறி சுருங்கும் என்பது தெரியவில்லை என்றா? மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன்.

மானத்துக்குப் பயந்துதான் பேசவில்லை என்று நீங்கள் நம்பினால் அதோடு விட்டுவிடலாம். ஆனால் நான் யாரையும் நம்பாதவன், என்னையும் சேர்த்து. அவள் வல்லத்துக்குப் போய்விட்டால் எனக்கு யார் சமைப்பது? அந்த முதல் போன் வந்தபோதே இந்தக் கேள்வி எங்காவது ஒரு மூலையில் இருந்ததா? அந்தச் சந்தேகம் எனக்கு வசதியாக வந்து சேர்ந்ததா… தெரியவில்லை. என் மேல் நான் நடத்துகிற விசாரணை மட்டும் முடிய மாட்டேன் என்கிறது.

விடுதியில் அவளிடம், தெரிந்தவர்களிடம் விசாரித்தோம், சரியாக வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தத் தெரிந்தவர் என்று சொல்லவில்லை. அவள் தானாக ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுடைய அண்ணிதான் விடுதிக்காரரின் மாமியார் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். இவள் போய்விட்டால் மாட்டுக்கொட்டகை வேலைக்கு ஆள் இருக்காது என்று அண்ணி கெடுத்துவிட்டாள்… இதுதான் ஞானத்தின் கணக்கு. நான் போட்டதைவிடக் கச்சிதமான கணக்கு. ஒரு நாள் இருவருக்கும் வாய் முற்றி, ஞானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். இப்போது வாய்க்கால் கரையில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறாள். வெயிலில் உள்ளே நிற்க முடியாது.

வைகாசியில் அவள் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையைத் தங்கை வாங்க மறுத்துவிட்டாள். மாதா மேல் சத்தியம் செய்து பார்த்தாளாம் அண்ணி, இவள் நம்பவில்லையாம். “நீங்க சொன்னா கேப்பா சார்” என்று பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் அவள் இலையில் சோறு போடும்போது எடுத்துச் சொன்னேன். “கல்யாணத்துக்குப் போயிட்டு வாம்மா. உங்க அண்ணி சொல்லியிருக்க மாட்டாங்க.”

“அப்ப யாரு சார் சொன்னது?”

“யாராவது…”

“யாராவது எப்படி சார்? அவங்க விசாரிக்கணும்னா என்னைத் தெரிஞ்சது ரெண்டே வீடு. ஒண்ணு அது, ஒண்ணு இது.” குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்தாள். “நீங்களா சொல்லுவீங்க?”

கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். வேவு பார்க்கிற கேள்வியில்லை அது. முப்பத்து மூன்று வருடம் மனிதர்களின் முகத்தைப் படித்தவன் சொல்கிறேன், அந்த முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

“அவ வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன் சார். சாப்பிடுங்க, ஆறுது.”

சாப்பிட்டேன். மறுசோறும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்தாள். பத்தரைக்குத் திருப்பலி என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பத்தரை ஆனபோது மிக்சியை நிறுத்திவிட்டு, மேடையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். தூக்கி வளர்த்த பெண்ணாம் அது. ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரத்தில் கோயிலுக்குப் போய்விடலாம். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

அவள் மறுபடியும் மிக்சியைப் போட்டாள். நான் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.