மாடிக்கு யார் வரலாம்

கோவிலம்பாக்கம் கமலா நகர் நான்காவது குறுக்குத் தெருவில் அருள்மேரியைத் தெரியாதவர்கள் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். காலையில் காபி குடிப்பதற்கு முன்பே வீடு தேடி வந்து, கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். வலி தெரியாமலிருக்க எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். அப்படிப் பேசிப் பேசியே மேடவாக்கம் வரைக்கும் பழக்கம் பிடித்து வைத்திருந்தாள். ஆனால் அந்தத் தெருவில் அவளுக்கென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தேவானந்தத்தின் இரண்டு மாடி வீட்டில், தரைத்தளத்தில் குடியிருந்தாள்.

அவள் கணவன் பிரிட்டோ ஜெனரேட்டர் மெக்கானிக். நாவலூர்ப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஜெனரேட்டர்கள் அவன் பொறுப்பு. மழைக்காலம் வந்தால் அங்கேயே தங்கிவிட வேண்டும். ஊரில் இருக்கிற லிஃப்டெல்லாம் ஓடுகிறது, நம் வீட்டில்தான் ஆளில்லை என்று அருள்மேரி எரிச்சல்படுவாள்.

2023 டிசம்பர் புயலில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் மாணிக்கவேல், குப்பம்மா என்று வயதான தம்பதி இருந்தார்கள். மாணிக்கவேலுக்குப் பக்கவாதம், பிறர் தூக்காமல் எழுந்திருக்க முடியாது. குப்பம்மா வாசலில் அடுப்பு வைத்து வடை, பஜ்ஜி போட்டு விற்பவள். தண்ணீர் கட்டிலைத் தொட்டதும் அவள் புருஷனை எப்படியோ சாப்பாட்டு மேசைமேல் ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு, மாடிப்படியின் இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மேலே இருந்த வீட்டுக்காரர் கேசவன் திறக்கவில்லை. மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். தீயணைப்புப் படகு வரும்வரை மாணிக்கவேல் அந்த மேசைமேல்தான் கிடந்தார்.

அருள்மேரிக்கு அந்த அளவுக்கு மோசமில்லை. தேவானந்தம் மாடிப்படியில் உட்கார இடம் கொடுத்தார். பிஸ்கட் கொடுத்தார், போர்வை கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. வீட்டுக் கதவை மட்டும் சாத்திக்கொண்டார்.

தெருவில் வசதியானவர்கள் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். முதல் நாளே டீசல் தீர்ந்தது. பெட்ரோல் பங்க்குக்குப் போக வழியில்லை, போனாலும் அங்கேயும் தண்ணீர். தண்ணீர் வடிந்தபிறகு வந்த பிரிட்டோ, நாவலூரிலும் அதே கதைதான் என்றான்.

“டீசல் லாரி வர்ற வரைக்கும்தான் மேரி இந்த ஆட்டமெல்லாம். லாரி நின்னுச்சுன்னா பதினெட்டாவது மாடியும் ஒண்ணு, நம்ம வூடும் ஒண்ணு. மழையும் வருஷா வருஷம் மோசமாகிக்கினே கீது, எண்ணெய் வெலையும் ஏறிக்கினே கீது. இனிமே மெஷினை நம்பி ஆவாது. பக்கத்துல கீற ஆளைத்தான் நம்பணும்.”

அவன் போகிற போக்கில் சொன்னதுதான். அருள்மேரிக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. தெருவில் பாதிப் பேர் மாடியில் இருக்கிறார்கள், பாதிப் பேர் கீழே. அடுத்த முறை தண்ணீர் வந்தால் கீழே இருக்கிற எந்தக் குடும்பம் மேலே எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொண்டால் என்ன? செலவில்லாத காரியம். ஒரு வாய்வார்த்தை போதும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒவ்வொரு மாடியாக ஏறினாள்.

யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முடியாது என்றால் சண்டையாவது போடலாம். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அவள் சொல்வது ரொம்ப நியாயம் என்றார்கள். மாணிக்கவேல் குடும்பத்துக்கு உங்கள் வீடு என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். கேசவன், தன் வீட்டில் ஒரு கழிவறைதான் இருக்கிறது என்றார். தேவானந்தம், அந்த நேரத்தில் மனிதாபிமானம் என்று ஒன்று தானாக வரும், அதையெல்லாம் முன்கூட்டிப் பேசி வைக்கக் கூடாது என்றார்.

அடுத்த வீட்டு முதல் மாடியைச் சொந்தமாக வாங்கியிருந்த ஜீவிதா மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். நாவலூரில் ஐடி வேலை, முப்பது வயதுக்காரி. மாமியார் சமையலறையில் இருக்க, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, எனக்கு ஓகேதான். ஆனா அத்தை, அவங்க எந்த ஆளுங்கன்னு கேட்பாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அருள்மேரி எழுந்துகொண்டாள். படியிறங்கி வந்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு ஒரு நிறுவனம் தெருவுக்கு உதவி செய்ய முன்வந்தது. பருவநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்கும் சமூகங்களை உருவாக்கும் திட்டமாம். சூரிய மின்தகடு, பெரிய பேட்டரி, குடிநீர் இறைக்க ஒரு சின்ன மோட்டார். கரண்ட் போனாலும் டீசல் தேடி ஓட வேண்டாம். நலச்சங்கக் கூட்டத்தில் அந்த நிறுவனத்திலிருந்து வந்த பெண் திரையில் படம் காட்டி அழகாகப் பேசினாள். தெருவிலேயே உயரம் என்பதால் எல்லாவற்றையும் தேவானந்தம் வீட்டு மொட்டை மாடியில் வைப்பது, அவரே சங்கத் தலைவர் என்பதால் சாவியும் அவரிடமே இருப்பது என்று முடிவானது.

சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான் உறுப்பினர். அருள்மேரி கடைசியில், நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். கேள்வி உண்டா என்று அந்தப் பெண் கேட்டதும் கையைத் தூக்கினாள்.

“பேட்டரி மேலே கீது, சந்தோசம். தண்ணி வந்தா அந்த மாடிக்கு யார் யார் வரலாம்?”

எல்லோரும் தேவானந்தத்தைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். “அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்லம்மா. செயற்குழுவுல வச்சுப் பேசிக்கலாம்.”

செயற்குழுவில் அதை யாரும் பேசவில்லை. பேனர் பிடித்து எடுத்த படம் மட்டும் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது.

அந்த அக்டோபரில் பெருமழை வரும் என்று எச்சரிக்கை வந்தது. தெருவில் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மதியமே வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள். கேசவன் அப்படித் திரும்பி வந்து இறங்கும்போது அருள்மேரி வாசலில் நின்றிருந்தாள்.

“காருக்கு மேல எடம் புடிச்சிட்டீங்க சார். மாணிக்கவேல் அண்ணனுக்கு எங்க புடிக்கிறது?”

கேசவன் முகம் சிவந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் அளவோடு பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே போனார். அன்று பயந்த அளவுக்கு மழை பெய்யவில்லை. பெய்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்குமோ என்று ஒரு கணம் நினைத்து, அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

போன டிசம்பரில் நிஜமாகவே வந்தது. விட்டு விட்டுப் பல நாள் பெய்து, ஒரு விடியற்காலையில் தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கரண்ட் போனது. பிரிட்டோ வழக்கம்போல் நாவலூரில். தேவானந்தமும் மனைவியும் மகளைப் பார்க்க பெங்களூரு போயிருந்தார்கள். மாடிப்படியின் இரும்பு கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது.

அருள்மேரி அவருக்கு போன் செய்தாள். அவர் பதற்றப்படாமல் பேசினார். மழை நின்றுவிடும், டிவியில் சொல்கிறார்கள், மாலைக்குள் தண்ணீர் வடிந்துவிடும் என்றார். மாணிக்கவேலை மேலே ஏற்ற வேண்டும் என்றாள் அவள். மேலே புதுப் பேட்டரி இருக்கிறது, ஆளில்லாத நேரத்தில் பத்துப் பேர் ஏறிப் போய் ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யார் என்று கேட்டார். பூட்டை உடைத்துவிட வேண்டாம், ரயில் கிடைத்தால் நாளைக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குள் தண்ணீர் இன்னும் ஏறி, குப்பம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்த ஆரம்பித்திருந்தாள். “யம்மா மேரி, கட்டில் மெதக்குதும்மா. இவரைத் தூக்க ஆளு இல்ல. மேல கூப்ட்டா எவனும் எட்டிப் பாக்க மாட்றான்.”

மழைநீர் வடிகால் தோண்டியவர்கள் பாதியில் விட்டுப்போன கடப்பாரை ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. அருள்மேரி தண்ணீரில் தடவித் தடவிப் போய் அதை எடுத்து வந்தாள். கேசவன் வீட்டு கேட்டை உடைப்பதா, தேவானந்தம் வீட்டு கேட்டை உடைப்பதா என்று யோசிக்கவே இல்லை. தான் குடியிருக்கும் வீடு அவளுக்குத் தெரிந்த வீடு. பூட்டு உடையவில்லை, அது மாட்டியிருந்த கொண்டிதான் பிய்த்துக்கொண்டு வந்தது.

மாணிக்கவேலை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் துப்பட்டாவால் கட்டினார்கள். ஒரு பக்கம் அருள்மேரி, ஒரு பக்கம் குப்பம்மா. தூக்க முடியவில்லை. அப்போது தண்ணீரில் இறங்கி வந்து நாற்காலியின் பின்காலைப் பிடித்தது ஜீவிதா. மேலே பால்கனியிலிருந்து மாமியார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழ்வீட்டுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக பேட்டரி வைத்திருந்த மொட்டை மாடி அறைக்கு வந்து சேர்ந்தன. பேட்டரி நன்றாகவே வேலை செய்தது. விளக்கு எரிந்தது, மோட்டார் குடிநீர் இறைத்தது, போன்கள் உயிர் பெற்றன. ஜீவிதா தன் வீட்டில் கஞ்சி வைத்து அனுப்பினாள். அடுத்த நாள் அவள் மாமியாரே மாணிக்கவேலுக்குச் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து, அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். மதியம் கேசவன் வந்தார், இரண்டு போனும் ஒரு லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு. சார்ஜ் ஏறும்வரை மாணிக்கவேலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மழையை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றார். அருள்மேரிக்கு வாய்வரை வந்தது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்ததும் தேவானந்தம் வந்தார். மேலே போய்ப் பேட்டரியைப் பார்க்கவில்லை. கேட்டருகிலேயே நின்று, பிய்ந்துபோன கொண்டியைத் தடவிக்கொண்டிருந்தார். நிஜமாகவே அவர் மனம் நொந்துபோயிருந்தது.

“என் வீட்டை உடைச்சிருக்கியேம்மா. கேட்டிருந்தா நான் கொடுக்க மாட்டேனா?”

“கேட்டேன் சார். ரெண்டு வருஷமா கேட்டுகினுதான் இருந்தேன்.”

“நான் எப்பவாவது இல்லைன்னு சொன்னேனா?”

“சொல்லலை சார். சொல்லியிருந்தா வேற எடமாவது பாத்திருப்பேன்.”

அவர் கொண்டியை விட்டுவிட்டுப் படியேறினார். சில நாள் கழித்து, மகள் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடப் போவதாகவும், கீழ்வீடு தேவைப்படுவதாகவும் மனைவி மூலம் சொல்லி அனுப்பினார். சங்கம் கூடி, மொட்டை மாடிக்குப் புது இரும்புக் கதவும் கண்காணிப்புக் கேமராவும் போட முடிவு செய்தது. நிறுவனத்தார் வந்து, திட்டம் மிகச் சிறப்பாகப் பயன்பட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். எப்படிப் பயன்பட்டது என்று அருள்மேரியை யாரும் கேட்கவில்லை.

பிரிட்டோவுக்குக் கோபம் அவள் மேல்தான். “உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நீ பாட்டுக்கு ஊசி குத்தினோமா, வந்தோமான்னு இருந்திருக்கலாம்ல. இப்போ வூடு தேடி அலையணும்.” அவன் சொன்னதைக் கேட்டுத்தான் எல்லாம் தொடங்கியது என்பது அவனுக்கு ஞாபகமே இல்லை.

பொங்கல் விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சங்கத்தில் சொன்னார்கள். போக வேண்டாம் என்றுதான் இருந்தாள். குப்பம்மா வற்புறுத்தியதால் போனாள். தேவானந்தமே போர்த்தினார். வெள்ள நேரத்துச் சேவை என்று பாராட்டினார். கேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அருள்மேரி ஒலிவாங்கியை வாங்கி, நன்றி சார் என்றாள். பிறகு, அடுத்த மழைக்கு மாணிக்கவேல் அண்ணன் எந்த வீட்டுக்குப் போவார், இதை மட்டும் இப்போதே யாராவது சொன்னால் நல்லது என்றாள். சின்மயி என்ற குழந்தையின் நடனம் அடுத்து என்று யாரோ அறிவிக்க, பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

அவள் இறங்கி வரும்போது ஜீவிதா வழியில் நிறுத்தினாள். அடுத்த மழைக்கு மாணிக்கவேல் குடும்பத்துக்குத் தன் வீட்டு முன்னறையை ஒழித்துத் தருவதாகவும், அத்தையிடம் பேசிவிட்டதாகவும் சொன்னாள். “அவங்க சரின்னு சொல்லலை அக்கா. ஆனா கதவைச் சாத்த மாட்டாங்க. அது எனக்குத் தெரியும்.” குப்பம்மாவிடமும் அன்றே போய்ச் சொன்னாள். அந்தத் தெருவில் கீழே இத்தனை குடும்பங்கள் இருக்க, ஒரே ஒரு குடும்பத்துக்கு வழி பிறந்தது. அதற்கு இரண்டு வருடமும் ஒரு வெள்ளமும் தேவைப்பட்டிருக்கின்றன. மகிழ்ச்சி வர வேண்டும் என்று அருள்மேரிக்குத் தெரிந்தது. வரவில்லை.

மாதக் கடைசியில் சாமான்களை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடி போனார்கள். மாடி வீட்டுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. இதுவும் தரைத்தளம்தான். மேலே வீட்டுக்காரர் இருக்கிறார் என்று தரகர் சொன்னார். வந்து ஒரு வாரமாகிறது. படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, ஆளை இன்னும் பார்க்கவில்லை.