மாத்திரை போடாத வாரம்

டைல்ஸ் போடுகிற அவருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். அவர் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். அப்பேர்ப்பட்டவர் இரண்டு வருடமாகக் குனிந்து கல்லைப் பதிக்கும்போதெல்லாம் வெளிறிப்போய், வியர்வையில் குளித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் ரத்த அழுத்தம் சரியாக இருக்கும். வெறும் பயம்தான் என்று அனுப்பிவிடுவார்கள். அவர் மனைவியும் தன் பங்குக்குப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

கடைசியில் ஒரு டாக்டரம்மாதான், "வேலை செய்யற மாதிரி குனிஞ்சு காட்டுங்க" என்றார். மண்டியிட்டுக் குனிந்தவருக்கு அங்கேயே வந்துவிட்டது. கருவியில் ஏறிய எண்ணைப் பார்த்து டாக்டரம்மாவின் முகமே மாறியது. சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் விஷயத்தைச் சொல்லிவிட்டன. இடது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் எலுமிச்சை அளவு கட்டி. வயிறு மடங்கி அது நசுங்கும்போதெல்லாம், ஆபத்தில் சுரக்க வேண்டியதைச் சும்மாவே ரத்தத்தில் கொட்டியிருக்கிறது.

"எடுத்துட்டா சரியாயிடும். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் மாத்திரை போடணும். தலை சுத்தும், மூக்கடைக்கும், நிறுத்திடாதீங்க. மாத்திரை இல்லாம கட்டியைத் தொட்டா மேசையிலேயே உயிர் போகலாம். வேலைக்கும் போகக்கூடாது." படித்துப் படித்துச் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காலை, மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் அவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்த்தார்.

"எழுந்தா தலை சுத்துதா?"

"இல்லீங்க."

"மூக்கடைப்பு?"

"ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கேன்."

பாராட்டுவார் என்று பார்த்தால், டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். "மாத்திரை போட்டீங்களா?"

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. "ஒரு சமையல்கட்டு பாதியில நின்னுச்சு. மாத்திரை போட்டா எந்திரிக்கவே முடியல. இன்னொருத்தன் கை பட்டா வரிசை மாறிடும். அதான் ஒரு வாரமா..."

அந்த வாரமெல்லாம் அவர் நண்பர் வீட்டில் காற்றாட உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நம்பியிருந்தாள். கோபத்தில் கத்தினாள். "தரை கோணலாப் போனா யாரும் சாக மாட்டாங்க, தெரியுமா?"

ஆபரேஷன் தள்ளிப்போனது. இந்த முறை மாத்திரையை அவளே வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் இளகவில்லை.

மறுபடி நாள் குறித்தார்கள். கதவுக்கு வெளியே அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருவழியாக சர்ஜன் வெளியே வந்தார். "எடுத்தாச்சும்மா. கட்டியைத் தொட்டதும் அழுத்தம் கண்டபடி ஏறிடுச்சு. மாத்திரை உள்ள இருந்ததாலதான் சமாளிச்சோம். கண்ணு முழிச்சிட்டாரு, பயப்படாதீங்க."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் காத்திருந்த ஒருத்தி தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, யாரும்மா போயிட்டாங்க?"

"யாரும் போகலம்மா. பிழைச்சிட்டாரு." அழுகை அடங்கவில்லை. "போன தடவை வரமாட்டேன்னுதான் சொன்னாரு. மாத்திரை போடாத மனுஷனை நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."