பிள்ளைச்சாவடியில் மேல்காற்று

பிள்ளைச்சாவடிக் கரையில் நிற்கிறேன். மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மணலை வாரிக் கடலுக்குள் போடுகிறது. பாய் கட்டிய பலகையில் நின்றபடி ஒரு வெள்ளைக்காரர் கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறார். அவரால் திரும்ப முடியவில்லை என்பது, கரையில் அவர் மனைவி அலறும்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஐந்தாறு பேர் படகை நீருக்குள் தள்ளுகிறார்கள். அவர்களில் வயதான மீனவர் என்னிடம் கேட்கிறார்.

"இங்கிலீசு தெரியுமாம்மா?"

"பி.ஏ. இங்கிலீஷ்," என்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

"அப்ப பாயப் புடிச்சிருக்கிற பின்கைய விடச் சொல்லு. பாயிலேர்ந்து காத்து எறங்கிடும், பலக நின்னுடும். நாங்க போய்ப் புடிச்சிடுவோம்."

"கைய விட்டா விழுந்துடுவாரே?"

"உழட்டும். உழுந்த எடத்துலயே கெடப்பாரு. நீ சொல்லும்மா."

அவர் படகில் ஏறிவிடுகிறார். கடலையே நான் நேற்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இருந்தாலும் அவர் சொன்னது எனக்கு மடத்தனமாகப் படுகிறது. இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் மூன்று முறை கத்துகிறேன். காற்று என் குரலை நேராக வெள்ளைக்காரரிடம் கொண்டுபோகிறது. அவர் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடிக்கிறார். பாய் புடைக்கிறது, பலகை பறக்கிறது. கொஞ்ச நேரத்தில் படகும் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான்கு மணிக்குப் படகு வெறும் பலகையோடு திரும்புகிறது.

"இவர் உன்னிடம் என்ன சொல்லச் சொன்னார்?" என்று மீனவரைக் காட்டி மனைவி ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

"இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்," என்கிறேன்.

மீனவர் பக்கத்தில்தான் நிற்கிறார். பேச்சு புரியாமல், ஆமாம் என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையசைக்கிறார்.