டிரிவாண்ட்ரம் நகவெட்டி

நாட்டுச் சாமான் மறுபடி தலையெடுக்குமா என்று இப்போது மேடை போட்டுப் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. மிகவும் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் அப்பா டிரிவாண்ட்ரத்தில், ஆரியசாலைக் கடைத்தெருவில் சீப்பு, ரிப்பன், கண்ணாடி விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். அடுத்த சந்தில் வீடு. வீட்டின் பின்பக்கத் தகர ஷெட்டில் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, நகவெட்டி செய்தார். பழைய கை பிரஸ் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து, தகட்டை வெட்டுவது, வளைப்பது, காய்ச்சுவது, சாணை பிடிப்பது எல்லாம் அவரே. கடைசியில் பிடியின்மேல் ‘டிரிவாண்ட்ரம்’ என்று ஆங்கில எழுத்தில் அச்சு அடிப்பார். அந்த அச்சுதான் வினையாகிவிட்டது. கல்ஃபுக்குப் போனவர்கள் லீவில் வரும்போது செண்டு, டார்ச், நகவெட்டி என்று பெட்டி நிறையக் கொண்டுவந்த காலம். உள்ளூர்ப் பெயரைப் பார்த்ததுமே கடைக்கு வந்தவர்கள், நகத்தோடு விரலும் போய்விடும் என்று பயந்தவர்கள்போல் கையை இழுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சித்தப்பா ஷெட்டைப் பூட்டினார். யாருடைய லேத் பட்டறைக்கோ வேலைக்குப் போனார்.

பூட்டைத் திறக்க வைத்தது அப்பாவின் மூளை. பெயரை அடிக்காதே என்றார். மொட்டையாக வந்த நகவெட்டிகளைக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை அதன் பக்கத்தில் உட்காரவைத்தார். யாராவது கையில் எடுத்தால், “கல்ஃப்லேருந்து எங்க மாமா கொண்டுவந்தது” என்று நான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்களே கிடையாது. அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். மாமாவுக்கு முதலில் மீசை வந்தது, பிறகு கூலிங் கிளாஸ், அதற்கடுத்த வாரம் ஏர்கண்டிஷன் போட்ட ரூம். சரக்கு கடையில் தங்கவில்லை. சித்தப்பா லேத் வேலை போக மிச்ச நேரமெல்லாம் ஷெட்டிலேயே கிடந்தார். அவருக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஓணக் கண்காட்சியில், நம் ஊரில் செய்த சாமான்களுக்கென்று தனி ஸ்டால் போடப்போவதாகச் சித்தப்பா கேள்விப்பட்டார். அதில் இடம் கிடைத்தால் அரசாங்கக் கடைகளிலும் சரக்கை வைப்பார்களாம். அப்புறம் லேத் வேலையை விட்டுவிடலாம். ஊர்ப் பெயரைத் தைரியமாக அடித்துச் செய்யலாம். மனுப் போட்டார். பழைய அச்சைத் தேடி எடுத்து ஒரு டஜன் நகவெட்டியில் மறுபடி பெயர் அடித்து, பளபளவென்று துடைத்து, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். ஷெட்டைக் கழுவிவிட்டார். இதெல்லாம் எதற்கென்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் கண்காட்சி ஆபீசர் ஷெட்டைப் பார்க்க வந்தார். அப்பா கடையில் இருந்தார்; நான் அப்போதுதான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். ஆபீசர் ஒரு நகவெட்டியை எடுத்துத் தன் கட்டைவிரலில் பொருத்தினார். அம்மா வாசற்படியிலிருந்து, “வெள்ளிக்கிழமையும் அதுவுமா...” என்று முனகினாள். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். விரலை எடுத்துக்கொண்டு, ஃபைல் கட்டும் நூலின் நுனியைக் கத்தரித்துப் பார்த்தார். நூல் சுத்தமாக அறுந்தது. அவர் முகத்தில் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

“இது இவிடெ உண்டாக்கியதோ?” என்றார். வெளிநாட்டுச் சரக்கில் ஊர்ப் பெயரை அடித்துக் கொண்டுவந்து ஏமாற்றுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்போல. சித்தப்பா வாய் திறப்பதற்குள் என் பக்கம் குனிந்தார். “மோளே, சத்யம் பற. இது எவிடுத்தெயா?”

கையில் எடுத்துப் பார்த்துவிட்டார், எங்கே செய்தது என்றும் கேட்டுவிட்டார். இதைவிட நல்ல வாடிக்கையாளர் எனக்கு வாய்த்ததில்லை. மீசை, கூலிங் கிளாஸ், ரூம் எல்லாவற்றோடும் மாமாவை மலையாளத்தில் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

“அவ சும்மா சொல்லுகா சார்!” என்று அம்மா பதறினாள். ஆபீசர் சிரித்தார். “கொச்சு குட்டிகள் கள்ளம் பறயில்லல்லோ.” சின்னக் குழந்தைகள் பொய் சொல்ல மாட்டார்களாம். சித்தப்பா ஓடிப்போய்த் தகட்டைச் செருகிப் பிரஸ்ஸின் கைப்பிடியைச் சுழற்றினார். நகவெட்டிக்கான பிடி ஒன்று வெட்டுப்பட்டுக் கீழே விழுந்தது. ஆபீசர் அதற்குள் மனுவின் குறுக்கே கோடு இழுத்து ஃபைலைக் கட்டிவிட்டார். கிளம்பும்போது, குரலைத் தாழ்த்தி, மைத்துனருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, “பேரடிக்காத ரெண்டெண்ணம் கிட்டுமோ?” என்று கேட்டார்.

“எடுத்துக்கிடுங்க சார்” என்று சித்தப்பா காகிதத்தில் பொதிந்து கொடுத்தார்.

ஆபீசரிடமே இரண்டு தள்ளிவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் சொல்ல ஓடப் போனேன். சித்தப்பா என் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார். துணியிலிருந்து பெயர் அடித்த நகவெட்டி ஒன்றை எடுத்து என் நகங்களை வெட்ட ஆரம்பித்தார். “விளக்கு வச்சாச்சு, என்ன காரியம் செய்யுதீங்க!” என்று அம்மா கத்தினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு விரலாக, மெதுவாக, பத்தையும் வெட்டினார்.

“வலிச்சுதா?”

“இல்ல.”

“ஒட்டும் வலிக்கலியா?”

இல்லையென்று தலையாட்டினேன். கட்டைவிரலைத் தடவிப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் அதையேதான் கேட்டார். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாளே என்று எனக்கு அழுகையாக வந்தது. வலிக்கவில்லை என்று இத்தனை தடவை சொல்லியும் இவர் ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று எரிச்சலாகவும் இருந்தது.